பெயரில்லாத மூன்று

தார்த்து நகரில் பட்டாணித் தெரு, மரவீட்டின் மேல்பாதி.
ராய்மோ வந்து மூன்று வெள்ளைப் பெட்டிகளை
வைத்துவிட்டுப் போனான்:
கூடத்தில், மாடிப்படி வளைவில், பியானோ அறையில்.
சோப்புக்கட்டி அளவு. ஆளுக்கொரு பச்சைப் புள்ளி.
"இனி வீடு முழுக்க ஒரே வைஃபை" என்றான்.
அவன் பூட்ஸில் வந்த பனி உருகிய கறை
இன்னும் பலகையில் இருக்கிறது.

சும்மா இருந்திருக்கலாம்.
அலையை அளக்கும் செயலி ஒன்றை
கைப்பேசியில் இறக்கினேன்.

என் வீட்டுப் பெயர் 'நிர்க்', அதாவது மரநாய்,
கெர்து வைத்த பெயர்.
அது ஆறு முறை, ஒன்றன்கீழ் ஒன்றாக.
ஒரே வைஃபைக்கு எதற்கு ஆறு வரி?

ஆறுக்கும் மேலே
பெயரே இல்லாமல் மூன்று.
எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு,
கோட்டுக்குப் பக்கத்தில் பூட்டு,
பூட்டுக்குப் பக்கத்தில் கழித்தல் முப்பத்தெட்டு.
கழித்தலில் சின்ன எண்தான் பெரிய சத்தமாம்.
அப்படியென்றால் யாரோ
என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

கீழே இறங்கி ஹெல்டூரின் கதவைத் தட்டினேன்.
"உங்கள் வைஃபைக்குப் பெயர் வைக்கவில்லையா?"
அவர் சட்டைப்பையிலிருந்து
பொத்தான் போன் ஒன்றை எடுத்து நீட்டினார்.
"இதற்கும் நான் பெயர் வைக்கவில்லை."
சந்தேகத்தோடு போனவள்
செய்தித்தாளில் சுற்றிய
பாதிப் புகைமீனோடு திரும்பினேன்.

சுருதி சேர்ப்பது என் பிழைப்பு.
பியானோவில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பி,
நடுப்பகுதியில் எல்லாம் அப்படித்தான்.
சுத்தியல் மூன்றையும் ஒன்றாக அடிக்கும்,
கேட்பவருக்கு ஒரே ஸ்வரம்.
எது பிசகுகிறது என்று தெரிய
கம்பளித் துண்டைச் செருகி
இரண்டின் வாயை அடைக்கவேண்டும்.

அடைத்தேன்.
பியானோ அறைப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன்:
இரண்டு மரநாய் போயிற்று, ஒரு கோடும் போயிற்று.
படிவளைவில் பிடுங்கினேன்:
இன்னும் இரண்டு, இன்னொரு கோடு.
"அம்மா, நெட்!" என்று மேலறையிலிருந்து கெர்து.
"இரு, சுருதி பார்க்கிறேன்."
"எதற்கு?"

பதில் சொல்லவில்லை. முகவரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு எழுத்து, எண்ணும் கலந்தது.
பெயருள்ளதற்கும் பெயரில்லாததற்கும்
இரண்டாவது எழுத்து மட்டும் வேறு,
மீதி பதினொன்றும் அச்சு அசல்.
ஒரே தகரத்துக்குள் இரண்டு குரல்.
ஒன்று எங்களுக்கு. மற்றொன்று
பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ள.
கெர்துவின் பாடமும் என் மின்கட்டண ரசீதும்
இரவெல்லாம் அந்தக் கோட்டின் வழியாகத்தான்
கைமாறிக்கொண்டிருந்தன.

மறைத்தது என்கிறார்கள்.
அது எங்கே மறைந்தது?
நொடிக்குப் பத்துத் தடவை
இருக்கிறேன் இருக்கிறேன் என்கிறது.
யார் என்று கேட்டால்தான்
வாயைத் திறப்பதில்லை.

இப்போது கூடத்தில் ஒற்றைப் பெட்டி.
பேச எதிர்ப்பெட்டி இல்லை.
ஆனாலும் அந்தக் கோடு போகவில்லை,
கழித்தல் முப்பத்தொன்றில்,
அதே பூட்டோடு.
அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஏன் என்று தெரியாது.

பிளக்குகளைத் திரும்பச் செருகினேன்.
கைப்பேசியோடு படியேறினால்
அது கூடு விட்டுக் கூடு பாய்கிறது,
பெயர் அதேதான், வேறு கம்பி.
எனக்கு ஒரு துளி அதிர்வும் தெரியவில்லை.
ராய்மோ சொன்னது பொய்யில்லை. முழு நிஜமும் இல்லை.

பட்டியலின் அடியில், கழித்தல் எண்பத்தொன்பதில்,
இன்னொரு கோடு வந்து வந்து போகிறது.
எழுத்து எதுவும் ஒத்துவரவில்லை.
ஆற்றுக்கு அந்தப் பக்கமாக இருக்கலாம்.
யாருடைய பெட்டி, யாருடைய படிவளைவு?

செயலியை மூடிவிட்டு
மீனில் முள் எடுக்க உட்கார்ந்தேன்.