ஒன்றரை விநாடி

சனிக்கிழமை வரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை.
பொதிகள் வரும். பட்டி ஓடும்.
சப்பாத்து, நாய்த்தீனி, யாரோ ஒருத்தியின் கலியாண உடுப்பு,
எல்லாவற்றுக்கும் முகம் ஒன்றுதான், பார்கோட்.
அதை மேல்பக்கம் திருப்பி வைப்பது என் வேலை.
மணிக்கு ஆயிரம் பெட்டி திருப்புகிறவனுக்கு
நெஞ்சு என்று ஒன்று இருப்பதே
ஞாபகம் வராது.

ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்து
இரண்டுக்கும் நாலுக்கும் இடையில்
அது வரும்.

ஓல்டனில் ஞாயிற்றுக்கிழமையைச் சட்டம் போட்டுச் செய்திருக்கிறார்கள்.
போத்தல் எறியக் கூடாது. புல் வெட்டக் கூடாது.
உடுப்புத் தோய்க்கிற நிலக்கீழ் அறையைப் பூட்டி
திறப்பை ஹேர் ப்ளாட்னர்
இடுப்பில் கொழுவியிருப்பார்.
பன்னிரண்டு குடும்பம்,
ஒரு கதிரை இழுபடும் சத்தமில்லாமல் ஓய்வெடுக்கிறது.
அதற்குள்ளே என் இதயம் மட்டும்
அயலவர் முறைப்பாடு எழுதுகிற அளவுக்கு.

லோஜினி சோபாவில் சரிந்து நித்திரை.
ஆரபி தரையில் படுத்து ஒட்டகச்சிவிங்கி கீறுகிறாள்,
கழுத்துக்குத் தாள் காணாமல் இன்னொரு தாள் ஒட்டுகிறாள்.
அடுப்பு அணைந்திருக்கிறது, மூன்று தரம் பார்த்தேன்.
காப்புறுதிக் காசு கட்டியாச்சு.
வதிவிட அட்டைக்கு இன்னும் இரண்டு வருஷம் கிடக்கு.
ஒரு குறையும் இல்லை என்று எண்ணி முடிக்க
எண்ணின விரல்கள் நடுங்குகின்றன.

டாக்டர் கேட்டார்: சண்டைக்காலத்து நினைவோ?
இல்லை என்றேன்.
அப்போது நான் நல்லாய் நித்திரை கொண்டவன்,
பங்கருக்குள் சாரத்தை இழுத்துப் போர்த்தி
விடிய விடிய.
பயத்துக்கும் அப்போது ஒரு வேலை இருந்தது.
ஓடு என்று சொல்லும், ஓடுவோம்.
இப்போது அதுக்கு வேலை போய்விட்டது.
பழைய முதலாளியிடம் பாக்கிச் சம்பளம் கேட்பது மாதிரி
நான் வீட்டில் நிற்கிற நாள் பார்த்து
வந்து நிற்கிறது.

அவர் இதைக் குறித்தாரோ தெரியாது.
நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு
என்று எழுதித் தந்தார்.
எண்ணினேன்.
எண்ண எண்ணப் பெட்டிகள் வரத் தொடங்கின.

சில ஞாயிறு பொய்யாய் ஒரு வேலை பிடிப்பேன்.
ஒரு கிழமைக்குக் காணுமளவு உள்ளி உரிப்பேன்.
பழைய பிஸ்கட் பேணியில் கிடக்கிற திருகாணிகளை
நீளம் பார்த்துப் பிரிப்பேன், பிறகு திரும்பக் கொட்டுவேன்.
லோஜினி ஒரு கண்ணைத் திறந்து
"கொஞ்சம் சும்மா இருங்கோவன்" என்பாள்.
எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வெட்கம்.

போன கிழமை ஸ்டேசனுக்கு நடந்தேன்.
எங்கேயும் போக இல்லை.
ஆரே ஆற்றின் மரப்பாலம் தாண்டி,
ஏழாம் மேடை, வாங்கு, நான்.
எதிரே மணிக்கூடு.
சிவப்பு முள் சுற்றி வந்து
பன்னிரண்டில்
நின்றது.

பழுதாக்கும் என்று எழும்பினேன்.
நிமிட முள் ஒரு தரம் குதிக்க
சிவப்பு திரும்பவும் ஓடியது.
அடுத்த சுற்றிலும் நின்றது.
அதற்கடுத்ததிலும்.
பதினேழு வருஷம் இந்த மணிக்கூட்டுக்குக் கீழே
ரயில் பிடிக்க ஓடியிருக்கிறேன்.
அது நிற்பதைப் பார்க்க நான் நின்றதில்லை.

கொஞ்சம் வேகமாய் ஓடி, கொஞ்சம் முந்தி வந்து,
மிஞ்சினதில் சும்மா நிற்கிறது.
ஒன்றரை விநாடி இருக்கும்.
அதற்குள் என் நெஞ்சு மூன்று தரம் அடித்தது.
அது ஓட விட்டேன். திரும்ப நிற்க
நானும் நின்றேன். மூன்று அடி.
ஒருக்கால் இரண்டரை மாதிரி இருந்தது,
சத்தியம் பண்ண மாட்டேன்.

பேர்ன் ரயில் வந்தது, போனது.
சுகமாகிவிட்டது என்று சொல்லவில்லை.
வீட்டுக்கு வந்து அடுப்பை
இரண்டு தரம் பார்த்தேன்.

லோஜினி தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாள்.
"எங்கை போனனீங்கள்?"
"ஸ்டேசனுக்கு."
"ஆர் வந்தது?"
யோசித்தேன்.
"ஒருத்தரும் வரேல்லை" என்று சொல்லி
கதிரையைச் சத்தம் வராமல் தூக்கி வைத்து
இருந்தேன்.