எர்த்

இடது இண்டிகேட்டரைப் போட்டால்
வலதில் எதுவோ மினுங்கும்.
பிரேக்கை மிதித்தால்
நேரே போகிற வண்டி
திரும்பப்போவதாகப் பொய் சொல்லும்.
பெருமாள்மலை இன்னாசியிடம் கேட்டேன்.
திங்கட்கிழமை வாங்கக்கா என்றார்.
எனக்கோ நாளைக் காலை
வடுகபட்டிச் சந்தையில்
பூண்டு இறங்கியாக வேண்டும்.

ஆம்னியின் பின்கதவைத் தூக்கித்
தகரத்தைக் கழற்றினேன்.
முன்னால் வைத்திருந்தவன்
எல்லாவற்றுக்கும் நீல வயரே போட்டிருக்கிறான்.
பிரேக்குக்கு நீலம். இடதுக்கு நீலம்.
வலதுக்கும் அதே நீலம், அழுக்கு கொஞ்சம் கூட.
நடுவில் எலி தன் பங்குக்கு
ஒன்றரை அங்குலம் தின்று
செம்பை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது,
மீன் தின்றவர்கள் முள்ளை வைப்பதுபோல.

ஒரு பல்பில் இரண்டு வயர் கட்டி
ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.
தெரிந்துகொண்டதற்கெல்லாம்
மகளின் நகப்பாலிஷில் பொட்டு:
பிரேக்குக்கு ஒன்று, இடதுக்கு இரண்டு,
வலதுக்கு மூன்று வைப்பதற்குள்
பாட்டில் காலி.
பார்க் லைட் வயரில்
பூண்டுத் தோலைச் சுற்றி டேப் ஒட்டினேன்.

நாலு மணிக்கே மேகம் இறங்கி
பூம்பாறையின் வயற்படிகளை
மேலிருந்து ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டு வந்தது.

ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன்.
என் பிரேக் விளக்கு எரிந்து
நான் ஒருநாளும் பார்த்ததில்லை.
கால் இருக்கிற இடம் வேறு,
எரிகிற இடம் வேறு.
மிதிமேல் கல்லை வைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன்,
போவதற்குள் உருண்டுவிட்டது.
மண்வெட்டிப் பிடியை முட்டுக் கொடுத்தேன்,
வழுக்கியது.
மறுபடி ஏறி உட்கார்ந்து
யாருக்கென்று தெரியாமல்
மிதித்தேன்.

"இடது எரியல."

குழந்தைவேலு.
மார்கழியில் என் தண்ணீர் ஓஸை அறுத்தவர்.
அறுக்கவில்லை, காட்டெருமை மிதித்தது என்று
ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தவர்.
ஊற்றிலிருந்து ஒரே சரிவில் வருகின்றன
அவர் ஓஸும் என் ஓஸும்.
இரண்டும் கறுப்பு.
ஏழு மாதமாகப் பேச்சில்லை.

நான் திரும்பவில்லை.
கண்ணாடியையும் பார்க்கவில்லை.
இண்டிகேட்டரைத் தள்ளினேன்.
"வலதுல பிரேக்கு மினுங்குது."
மிதித்தேன்.
"மங்கல்."
கொஞ்ச நேரம் மேகம் மட்டும்.
அப்புறம், தரையைப் பார்த்துச் சொல்வதுபோல,
"எர்த்து புடிக்கல."

இறங்கிப் போனேன். நாலடி நகர்ந்து நின்றார்.
விளக்குக் கூட்டுக்குப் பின்னால் அந்தத் திருகு:
துருவுக்கு மேல் பெயிண்ட்,
பெயிண்டுக்கு மேல் துரு.
போன கரண்டுக்குத் திரும்ப வழியில்லை.
பக்கத்து வயரில் ஏறி
பக்கத்து விளக்கைக் கொஞ்சம் எரித்து
அது வழியாக வீடு போயிருக்கிறது
இத்தனை நாளும்.
அரிவாள் முனையால் சுரண்டினேன்,
உரித்த பூண்டாகத் தகரம் வெளுக்கும்வரை.
திருகை இறுக்கினேன்.

உட்கார்ந்து மிதித்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை அவர்.
காலை எடுக்காமலே
கண்ணாடியைப் பார்த்துவிட்டேன்:
குரங்குக்குல்லா, ஸ்வெட்டர்,
மேகத்தில் ஒரு பங்கு,
எல்லாம் சிவப்பு.
"எரியுது."
இடது. "இடது மட்டும்."
வலது. "ம்."
அவ்வளவுதான்.

மூன்றரைக்குக் கிளம்பினேன்.
பின்னால் இரண்டு மஞ்சள் வெளிச்சம்,
காரட் ஏற்றிய அவர் பிக்கப்.
வழி கிடைத்த இடத்திலும் முந்தவில்லை.
நான் கால் வைக்கும்போதெல்லாம்
அந்த மஞ்சள் கொஞ்சம் தயங்கியது.

வியாழக்கிழமை வாய்தா.
அறுந்த ஓஸ் துண்டு
டேஷ்போர்டு மேலேயே கிடக்கிறது,
வளைவுக்கு வளைவு உருண்டபடி.
அடுத்த கொண்டை ஊசிக்கு
வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே
மிதித்தேன்.