சோதனை மண்டபம்

கைக்கடிகாரங்களைக் கழற்றிப்
பைக்குள் போடுங்கள் என்று
நான்தான் சொன்னேன்.
நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள்,
புள்ளிவிபரவியல், மூன்று மணித்தியாலம்.
வெளியே வினிப்பெக், மைனஸ் முப்பத்தொன்று.
கண்ணாடியின் உட்பக்கத்திலும் பனி பூத்திருந்தது.

இருபது நிமிடத்தில்
பேனைகளின் சரசரப்பும் அடங்கி
எல்லாரும் ஒரே கேள்வியில் சிக்கிக்கொண்ட நேரம்
மூன்றாம் வரிசைப் பெடியன் கை தூக்கினான்.
"மிஸ், யாரோ கடிகாரம் வைத்திருக்கிறார்கள்.
டிக் டிக் என்று கேட்கிறது.
யோசிக்க முடியவில்லை."

நான் அவனருகே போகிறேன்.
போகப் போக அவனுக்குச் சத்தம் கூடுகிறது.

நாலு வருடத்துக்கு முன்
ரெட் ஆற்றுக்கு அக்கரை ஆஸ்பத்திரியில்
டொக்டர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார்.
பன்றி வால்வு என்றால் சத்தமில்லை, ஆனால்
பத்துப் பதினைந்து வருடத்தில் மறுபடி நெஞ்சைப் பிளக்க வேண்டிவரும்.
கார்பன் வால்வு கடைசிவரை வரக்கூடும், ஆனால்
குருதி உறையாமலிருக்க நாள் தவறாமல் குளிசை.
நூறு பேரில் இத்தனை பேருக்கு அடைப்பு,
இத்தனை பேருக்குக் கசிவு.
நூறில் நான் எத்தனையாவது, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

நாற்பத்திரண்டு வயது. கார்பனைக் கேட்டேன்.

செவ்வாய் தோறும் விரல் நுனியில் ஒரு குத்து.
இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே
நிற்க வேண்டும் என் குருதி.
இரண்டுக்குக் கீழே போனால் ஒரு பயம்
நாலைத் தாண்டினால் வேறு பயம்.
கீரையை விடச் சொல்லவில்லை,
அளவு மாறாமல் சாப்பிடச் சொன்னார்கள்.
வல்லாரைச் சம்பலை அளந்து சாப்பிட்ட ஆளுண்டா?
மேசை முனை பட்டால் தொடையில் நாவற்பழ நிறம்.
பஸ் தரிப்பிடம்வரை பென்குயின் நடை,
விழுந்தால் தலைக்குள் என்ன கசியுமோ என்று.
புவிராஜ் முதல் மாதம்
தலையணையோடு ஹோலுக்குப் போனான்.
இப்போது குறட்டையால் என்னை வெல்கிறான்.

பக்கத்துக் கட்டில் ஒறெஸ்ற்,
டோஃபினில் கனோலா விதைக்கிறவர்.
அதே கிழமை, அதே கம்பனி, அதே அளவு வால்வு.
அறுவடை மும்முரத்தில்
ஒன்பது நாள் குளிசை மறந்துபோனார்.
இப்போது வலக்கை தூங்குகிறது.
பேச்சிலிருந்து பெயர்கள் உதிர்ந்துவிட்டன,
என் பெயர் உட்பட.
கிறிஸ்மஸுக்கு மனைவி இலக்கத்தை அழுத்திக் கொடுப்பாள்.
அவர் போனை நெஞ்சில் வைப்பார்.
நானும் வைப்பேன்.
இரண்டும் ஒரு தரம் சேர்ந்து அடிக்கும்,
பிறகு விலகும்.

பெடியனிடம் குனிந்து
என்னுடையதுதான், என்கிறேன்.
கழற்ற முடியாது.
மணிக்கட்டைப் பார்க்கிறான். வெறுமை.
பிறகு, மெல்ல, சட்டைக் கழுத்துக்கு மேலே தெரிகிற
தழும்பின் நுனியை.
செம்மஞ்சள் காதடைப்பான் இரண்டு கொடுக்கிறேன்.
"சொறி மிஸ்" என்கிறான்,
மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி.

அவன் தாளில் ஏழாம் கேள்வி:
ஆயிரம் பேரின் சராசரியை வைத்து
ஓர் ஆளைப் பற்றி நீர் என்ன சொல்லலாம்?
விடைக்கான இடம்
வெள்ளையாகக் கிடக்கிறது.
உதவக்கூடாது, சட்டம்.

பின்சுவர்வரை போய்
குளிர்கால மேலங்கியையும் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.
மிச்சம் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம்.
கடைசி வரிசையில்
ஒருத்தி திரும்பிப் பார்க்கிறாள்.