ஒன்பதாவது மாதிரி

டர்பன், ஜேக்கப்ஸ். இரவு ஷிப்ட்.
மூன்றாம் லைனில் ஓடுகிறது மசாலாப் பாக்கெட்:
பிளாஸ்டிக், அலுமினியம், மறுபடி பிளாஸ்டிக்.
ஒட்டிவிட்டோம், இனிப் பிரிக்க ஆளில்லை.

குப்பைமேட்டில் பொறுக்கும் ம்சீசி
அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்,
திரும்ப எறிந்தான்.
பாட்டிலுக்கு விலை உண்டு.
நான் செய்ததற்கு இல்லை.

வெட்டிய ஓரமெல்லாம்
பளபளவென்று குடல்போலச் சுருண்டு தொட்டிக்குள் விழும்.
கத்தியை எட்டு மில்லிமீட்டர் வெளியே நகர்த்த
ஏழு மாதம் கெஞ்சினேன்.
"ரோல் கிழிஞ்சா யார் சம்பளம், கோசிலா?"
கிழிந்தது, இரண்டு முறை.
பிறகு கிழியவில்லை.
வாரத்துக்கு ஒரு தொட்டி குறைவாய்ப் போகிறது லாரி.

ஒற்றை அடுக்கு உறைதான் இன்னும் வசப்படவில்லை.
ஒன்பதாவது மாதிரியை
வெள்ளிக்கிழமை கிடங்கில் வைத்துப் பூட்டினேன்.
திங்கள் காலை கதவைத் திறந்ததும்
நொம்புசோ தும்மினாள், நான் தும்மினேன்,
காவல்காரர் கண்ணைக் கசக்கினார்.
கிடங்கெல்லாம் மிளகாய்.

தோல்வி என்று படிவத்தில் எழுதினேன்.
எழுதும்போதே ஒரு சந்தேகம்:
நாலு குழம்பில் தீர்ந்துபோகும் பொடிக்கு
சாகாத காவல் எதற்கு?

அதைக் கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

இன்று பத்தாவது ஓடுகிறது.
திங்களன்று கைக்குட்டையோடு வரச் சொல்லியிருக்கிறேன்
நொம்புசோவை.