அடித்தளத்தில் ஒரு வில்லங்கம்

அஷ்டபூலா பதிவகத்தில்
அடுத்தவர் வீட்டுப் பழைய தாள்களைப் புரட்டுவது என் பிழைப்பு.
ஏரிப் பனி ஜன்னலை மூடிய காலையில்
வெர்னா டிபாலோவின் வீடு மேசைக்கு வந்தது.
வெள்ளிக்கிழமை கிரயம்.
வாங்குகிறவர்கள் திரைச்சீலைக்கு அளவெடுத்தாயிற்று.

அடமானம் அடைந்திருக்கிறது. வரி பாக்கியில்லை.
நாலு வருடத்துக்கு முந்தைய அக்டோபரில் விரல் நின்றது:
கூரை மாற்றிய கூலி, நாலாயிரத்து முந்நூறு டாலர்,
பாத்தியதை கோருபவர் ரூடி மாட்டிலா.

ஆள் மீதல்ல, வீட்டின் மீது.
ஆல்டோ டிபாலோ போய்ச் சேர்ந்துவிட்டார்;
கடன் மட்டும் கூரைக்கடியில் குடியிருந்தது
வாடகை தராமல்.

தொலைபேசியில் வெர்னா கத்தினாள்:
"கொடுத்துட்டேன்னு சொன்னாரே, சத்தியம் பண்ணினாரே!"
நான் பக்க எண்ணைச் சொன்னேன்.
வேறென்ன சொல்ல?
விற்ற பணத்தில் பிடித்துக்கொள்ளலாம்,
மாட்டிலா விடுதலை எழுதித் தந்தால்.

வியாழன் மதியம் அவரே வந்தார்,
பனிக்காலணியில் ஈரம் வழிய.
வட்டி என்ற வரியைப் பேனாவால் அடித்தார்.
கையெழுத்திட்டார். பேனாவைத் திருப்பித் தராமல்
எதிரே இருந்த வெர்னாவைக் கேட்டார்:
"புகைபோக்கி மூலையில் ஒழுகியதா?"

அவள் யோசித்தாள்.
"நாலு பனிக்காலம். ஒரு சொட்டு இல்லை."
அவர் தலையாட்டினார்,
அதைக் கேட்கத்தான் வந்தவர்போல்.

விடுதலைத் தாளை மாடியில் பதிந்து வந்தேன்.
பழையதைக் கிழிக்க முடியாது.
இனி யார் புரட்டினாலும் இரண்டும் இருக்கும்,
கேட்டதும் விட்டதும்.
ஒழுகாத அந்த நாலு வருடம்
எந்தப் பக்கத்திலும் இல்லை.