நாயைப் பிடியுங்கள்

கூடாரத்துக்கு நூறடி முன்பே நின்று
"நாயைப் பிடியுங்கள்" என்று குரல் கொடுப்பதுதான்
துந்த்கோவியில் வணக்கம்.
நாய் இல்லாத வீட்டிலும் அப்படித்தான்.
கோம்போ வந்து பிடித்துக்கொண்டார்.
கிழட்டு நாய். அது பாட்டுக்குப் படுத்திருந்தது.

மைனஸ் முப்பத்தொன்று.
டேப்லெட்டை அக்குளில் இடுக்கி வந்திருந்தேன்;
வெளியே எடுத்தால் மூன்றாம் கேள்வியில் செத்துவிடும்.
ஷரவ் வேனின் இன்ஜினை அணைக்கவில்லை.
அணைத்தால் வசந்தம்வரை இங்கேதான் என்றார்.

தொகுதி இருநூற்றாறு, வீடு பதினான்கு.
வரைபடம் சொன்ன இடத்தில் வீடு இல்லை,
ஒன்பது கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது
கூரையும் கதவும் அடுப்புமாக.

பதினெட்டு தாண்டியவர்கள் இருவர்.
பெயரும் பிறந்த ஆண்டும் தட்டினேன்.
யாரிடம் கேட்பது என்பதை நான் முடிவு செய்யக் கூடாது,
குலுக்கல் சொல்லும்.
சொன்னது: தோல்கோர், பெண், நாற்பத்தேழு.

தனியாகப் பேச வேண்டும் என்பது விதி.
வட்டமான ஒரே அறையில்
தனிமை எந்தப் பக்கம் இருக்கிறது?
கோம்போ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும்.
ஒரு சொல் கூடக் கூடாது. முகமும் மாறக் கூடாது.
கடந்த பன்னிரண்டு மாதங்களில்,
தொடர்ந்து இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ,
பெரும்பாலான நேரம் நீங்கள்
எதிலும் பிடிப்பின்றி இருந்ததுண்டா?

அவர் அடுப்புக்குள் காய்ந்த சாணத்தைத் தள்ளினார்.
இல்லை.
தூக்கம்? படுத்தால் வரும்.
பசி? "இருந்தால்தானே சமைக்கிறேன்."
அதற்குக் கட்டமில்லை. குறைபாடு இல்லை என்று தட்டினேன்.
செத்துவிடலாம் என்று எப்போதாவது?
"எங்கே நேரம்" என்று சிரித்தார்.
இல்லை.

தேநீரில் உப்பைப் போட்டபடி
நான் கேட்காததைச் சொன்னார்.
போன குளிரில் முந்நூற்றுப் பதினொன்று போயிற்று.
ஆடுகள். நின்றபடியே.
பனியை உடைக்கக் குளம்பில் வலுவில்லை.
அவர் இன்னமும் சாயங்காலம் எண்ணப் போகிறார்.
அரைமணி நேரம்.
திரும்பி வந்து எண்ணிக்கை சொல்வார்.
சரியாகச் சொல்வார்.
நான் சரி என்பேன்.
"இதையும் எழுதுவீர்களா?"

உலான்பாத்தரில்,
வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரோரம் உட்கார்த்தி
எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்:
தேர்வான ஒருவர்
தன்னைப் போன்ற இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்காகப் பேசுகிறார்.
அதன் பெயர் எடை.
தோல்கோரின் இல்லை
இரண்டாயிரத்துச் சொச்சம் பெண்களின் இல்லை.
கோம்போ யாருக்காகவும் பேசவில்லை,
கோம்போவுக்காகவும்.

ஒரு விரல் போதும்.
பின்னால் போய் ஆண்டை மாற்றினால்
குலுக்கல் அவர்மேல் விழக்கூடும்.
போன மாதம் ஸெந்த் அப்படித்தான் மாட்டினான்.
வாய் உள்ளவர்களாகப் பார்த்துப் பிடித்திருக்கிறான்,
சீக்கிரம் முடியுமே என்று.
நான் செய்யவில்லை. நல்லவள் என்பதால் அல்ல.
இரக்கத்துக்காக ஓர் எண்ணைத் திருத்தியவள்
அடுத்த வீட்டில் எதற்காகத் திருத்துவாள்
என்று எனக்குத் தெரியாது.

உதவிக்கான தாளைக் கொடுத்தேன். இரண்டு தொலைபேசி எண்கள்.
சிக்னலுக்குக் குன்றேற வேண்டும்.
அவர் மடித்து உப்புப் பைக்கு அடியில் வைத்தார்.

வெளியே கோம்போ நாயைப் பிடித்தபடி நின்றார்.
பின்னால் வெற்றுப் பட்டி.
அவரிடம் கேட்க எனக்கென்று கேள்வி ஏதும் தரப்படவில்லை.
ஆகவே, மந்தை உள்ளவரைக் கண்டால்
இந்தப் பக்கம் எல்லோரும் கேட்பதைக் கேட்டேன்:
குளிர்காலம் நல்லபடி கழிகிறதா?
கால்நடைகள் கொழுப்போடு இருக்கின்றனவா?

நிதானமாகப் பார்த்தார்.
"முந்நூற்றுப் பன்னிரண்டு" என்றார்.
"ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது.
யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள்.
வழியில் சொல்லுங்கள்."

சொல்கிறேன் என்றேன்.

வேனில் ஏறிக் குறிப்புக்கான கட்டத்தைத் திறந்தேன்.
நூற்றைம்பது எழுத்துகளுக்கு மிகாமல்.
விரல் விறைத்திருந்தது, திரை அதை விரலென்றே நம்பவில்லை.
அடுத்த வீடு எந்தப் பக்கம் என்றார் ஷரவ்.
புகை தெரிகிற பக்கம் என்றேன்.