கடைசி வண்டி

ஐந்து வண்டிகள். நான் ஐந்தாவது.
மெக்கானிக்குக்கு எப்போதும் வால்தான்.
முதல் வண்டியில் சவ்சன்
ரேடியோவில் பேசிக்கொண்டே போவாள்:
"இடப்பக்கம் கம்பிவேலி, அதற்கப்பால் சீனா."
"வலப்பக்கம் மர்மோட், கண்ணாடியை இறக்காதீர்கள்."
"ஒரு புழுதி இடைவெளி விடுங்கள்."

ஒரு புழுதி என்பது
முன்னால் போன வண்டியின் தூசி
தரையில் உட்காரும் தூரம்.
எனக்கு நாலு வண்டியின் புழுதி.
பாமீரில் பிறந்து
பாமீரைப் பழுப்பாகவே பார்த்தவன்.
பொழுது சாய்ந்தால் அவர்கள் படம் எடுப்பார்கள்,
நான் காற்று வடிகட்டியைக் கழற்றி
டயரில் தட்டுவேன்.
ஒரு படி மாவு விழும்.

கராகுல் ஏரிக்கரையில் அன்றும் தட்டி முடித்து
உள்ளே போனேன்.
சிப்ஸ் பாக்கெட்டுகள் தலையணையாய் உப்பிக் கிடந்தன.
மூன்றாம் வண்டிக்காரர்
புருல்சா கொடுத்த உப்புத் தேநீரை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
மனைவியின் பெயரை யோசித்துக்கொண்டிருந்தார்.

சவ்சன் அவர் விரலில் கருவியை மாட்டினாள்.
அறுபத்தொன்று.
அடுப்பில் சாணி மட்டும் வெடித்தது.

இறக்க வேண்டும், உடனே.
ஆனால் கராகுல் ஒரு கிண்ணம்,
எந்தப் பக்கம் போனாலும்
இறங்குவதற்கு முன்னால் ஏறியாக வேண்டும்.
வடக்கே கணவாய் கொஞ்சம் தாழ்வு; எல்லைக் கதவு பூட்டு.
தெற்கே அக்பைதால், எழுநூறு மீட்டருக்கும் மேல்,
அதைத் தாண்டினால் முர்காப், ஆஸ்பத்திரி,
டாக்டர், இருந்தால்.
சவ்சன் வரைபடத்தை விரிக்கவில்லை.
"குர்பான்ஷோ, நீ முன்னால் போ.
நான் பின்னால் வருகிறேன்."
மற்ற மூவரும் விடியும்வரை அங்கேயே.

அவர் என் பக்கத்தில். மனைவி பின்னால்
ஆக்சிஜன் டப்பாவை அவர் முகத்தில் அழுத்தியபடி.
விளக்கைப் போட்டேன்.
அந்தச் சாலையில் அத்தனை கல் இருப்பது
அன்றுதான் தெரியும் எனக்கு.
ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நிழல்.
ஒரு முயல் நின்று, யோசித்து, ஓடியது.

ரேடியோ அமைதி.
பேச வேண்டியவன் நான் என்பது
கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.
என்ன சொல்ல?
"பள்ளம்" என்றேன்.
பிறகு, "இன்னொரு பள்ளம்."
"தெரியவில்லை, புழுதி" என்றாள் சவ்சன்.

உச்சியில் எஞ்சின் கிழவன்போல் இருமியது.
பலகையருகே நிற்கவில்லை.
பின்னாலிருந்து அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்:
"நான் யார்? சொல். நான் யார்?"
மூன்றாவது கியரில் இறங்கினோம், காது அடைத்தது, திறந்தது.
மலையடியில், கம்பிவேலி மறுபடி தட்டுப்பட்ட இடத்தில்
அவர் ஒரு பெயர் சொன்னார்.
தெளிவாக, அன்பாக.

அவள் பெயர் நெவென்கா.
அவர் சொன்னது வேறு.
"ஆமாம்" என்றாள் அவள்.
"ஆமாம், நான்தான். மூச்சை இழு."

நான் சாலையைப் பார்த்தேன்.
பார்க்கச் சாலை இருந்தது.

முர்காப்பில் டாக்டர் இருந்தார்,
கம்பளிக்கு மேல் வெள்ளைக் கோட்டு.
விடிந்ததும் நெவென்கா வெளியே வந்து
சாப்பிட்டார் என்றாள்,
ரொட்டி, பாதி.

சவ்சன் வண்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள்,
புருவம், இமை, உதடு எல்லாம் மாவு.
எழுப்பவில்லை.
பழக்கதோஷம், வடிகட்டியைக் கழற்றினேன்.
டயரில் தட்டினேன்.
எதுவும் விழவில்லை.
இன்னொரு தடவை தட்டிப் பார்த்தேன்.